பாஸ்வேர்டே கொடுக்கவில்லை, என் பெயரில் மடல் போகிறதே!

கேள்வி: வணக்கம் சேர். நான் பண்டாரவளையில் கணிதம் டியூஷன் நடத்துகிறேன். கொழும்பில் வேலை செய்யும் தம்பி போன தீபாவளிக்கு வந்தபோது ஒன்று செய்து வைத்துவிட்டுப் போனான். பெற்றோர் கூகுள் படிவத்தை நிரப்பினால், ஏதோ ஒரு ஆட்டோமேஷன் சேவை பிள்ளையின் பெயரை என் ஷீட்டில் ஏற்றும். பிறகு என் ஜிமெயிலிலிருந்தே "பதிவு கிடைத்தது, வகுப்பு சனி காலை 8 மணி" என்று அவர்களுக்கு மடல் போகும். போனை அணைத்து வைத்தாலும் போகிறது, கரண்ட் இல்லாத இரவிலும் போகிறது. பாஸ்வேர்டை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. போன மாதம் பயந்துபோய் பாஸ்வேர்டை மாற்றினேன். மடல் நின்றுவிட்டது, ஆனால் ஷீட்டில் பெயர் இன்னும் ஏறுகிறது! யார் என் கணக்குக்குள் இருக்கிறார்கள்?
— ஒரு டியூஷன் டீச்சர், பண்டாரவளை

பதில்: டீச்சர், நீங்கள் சொல்வதைப் பார்த்தால் திருடன் வந்த மாதிரி தெரியவில்லை. நீங்களே அனுமதி கொடுத்திருக்கிறீர்கள், மறந்துபோச்சு. அடுப்பில் முறுக்கு வேகிற நேரத்தில் தம்பி போனை நீட்டி, "அக்கா, இதில அனுமதினு இருக்கிறத அமுக்கு" என்றிருப்பான். அமுக்கியிருப்பீர்கள்.

என் தாத்தா மஸ்கெலியா பக்கம் ஒரு தோட்டத்தில் தபால் சுமந்தவர். லயத்துக்குத் தனி முகவரி ஏது? எல்லாக் கடிதமும் தோட்டத்து முகவரிக்குத்தான் வரும். பதிவுத் தபாலைக் கையெழுத்துப் போட்டு வாங்க ஆபீசில் அவருக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். துரையின் மேசைச் சாவியையா கொடுத்தார்கள்? துண்டு மட்டும்தான். ஒருநாள் மணியோடர் காசையும் சேர்த்துத் தரச் சொல்லிக் கேட்டாராம். தபால் கந்தோர் ஐயா துண்டைத் திருப்பிக் காட்டி, "இதில் காசுன்னு எங்கே இருக்கு?" என்று அனுப்பிவிட்டார். சாகும்வரை தாத்தா அதைச் சொல்லிச் சிரிப்பார்.

நீங்கள் கொடுத்ததும் அப்படி ஒரு துண்டுதான். இந்த ஏற்பாட்டுக்கு ஓஆத் என்று பெயர். முதல் வடிவம் 2007இல் வந்தது. இன்று ஸேப்பியர், ஐஎஃப்டிடிடி, மேக் போன்ற சேவைகள் பெரும்பாலும் நம்பியிருக்கும் ஓஆத் 2.0 வெளியானது 2012 அக்டோபரில். அதற்கு முன்பெல்லாம் "உங்கள் ஈமெயில் பாஸ்வேர்டைத் தாருங்கள், நண்பர்களைத் தேடித் தருகிறோம்" என்று இணையதளங்கள் கூசாமல் கேட்கும். நாமும் கூசாமல் கொடுத்தோம். ஹட்டனில் என் கொம்யூனிகேஷன் கடைக்கு வருகிறவர்கள் இன்றைக்கும் பஸ் டிக்கெட்டின் பின்னால் பாஸ்வேர்டை எழுதி நீட்டுகிறார்கள். அது வேறு கவலை.

நீங்கள் அமுக்கிய பக்கம் அந்தச் சேவையின் பக்கமே அல்ல, கூகுளின் பக்கம். பாஸ்வேர்ட் கேட்டிருந்தாலும் கேட்டது கூகுள்தான். நீங்கள் சம்மதித்ததும் கூகுள் உங்கள் பிரவுசர் வழியாக ஒரு குறியீட்டை அந்தச் சேவைக்கு அனுப்பும். ஒரே தடவைதான் செல்லும், கொஞ்ச நேரத்தில் காலாவதியாகிவிடும். சேவை அதை எடுத்துக்கொண்டு, தனக்கென்று கூகுள் முன்பே கொடுத்திருக்கும் ரகசியச் சொல்லையும் காட்டி, நேரே கூகுளிடம் போய் இரண்டு துண்டு வாங்கும். ஒன்று அக்ஸஸ் டோக்கன். வேலை நடப்பது இதை வைத்துத்தான். கூகுளில் இதற்குச் சாதாரணமாக ஒரு மணி நேரம்தான் ஆயுள். மற்றது ரிஃப்ரெஷ் டோக்கன். முதல் துண்டு செத்ததும் இதைக் காட்டிப் புதிது வாங்கிக்கொள்ளலாம். இது மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூடக் கிடக்கும்.

இந்த இரண்டும் இருப்பது அந்தச் சேவையின் கணினியில். உங்கள் போனில் இல்லை. அதனால் பண்டாரவளையில் கரண்ட் போனால் அதற்கென்ன? ஓடிபியும் கேட்காது, ஓடிபி நீங்கள் நுழையும் கதவுக்கு மட்டும்தான்.

இப்போது உங்கள் புதிர். பாஸ்வேர்டை மாற்றினால், ஜிமெயில் அனுமதி எழுதிய ரிஃப்ரெஷ் டோக்கன்களைக் கூகுள் செல்லாததாக்கிவிடும். ஷீட்டுக்கு மட்டும் கொடுத்த துண்டுக்கு அந்த விதி கிடையாது. தம்பி ஜிமெயிலுக்கு ஒன்று, ஷீட்டுக்கு ஒன்று என்று தனித்தனி இணைப்புப் போட்டிருப்பான். ஒன்று செத்தது, மற்றது உயிரோடு இருக்கிறது. பாஸ்வேர்டை மாற்றியதால் எல்லாக் கதவும் பூட்டியாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள், தப்பு.

நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது துண்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதை. "உங்கள் சார்பில் மடல் அனுப்ப" என்பது ஒரு அனுமதி. "எல்லா மடலையும் படிக்க, எழுத, அனுப்ப, நிரந்தரமாக அழிக்க" என்பது வேறொன்று. பதிவு கிடைத்தது என்று நாலு வரி அனுப்ப முதலாவது போதும். 2017 மே 3ஆம் திகதி "கூகுள் டொக்ஸ்" என்றே பெயர் வைத்துக்கொண்டு ஒரு போலிச் செயலி வந்தது. அனுமதி கேட்ட பக்கம் உண்மையான கூகுள் பக்கம், செயலியின் பெயர் மட்டும் பொய். அமுக்கியவர்களின் மடலையும் தொடர்புப் பட்டியலையும் பிடித்துக்கொண்டு அடுத்தவர்களுக்குப் பரவியது. சுமார் ஒரு மணி நேரத்தில் கூகுள் நிறுத்தியது. ஒருவருடைய பாஸ்வேர்டும் திருடு போகவில்லை பாருங்கள், அவர்களே அமுக்கிக் கொடுத்தது.

கூகுள் கணக்கைத் திறந்து பாதுகாப்புப் பகுதிக்குப் போங்கள். மூன்றாம் தரப்புச் செயலிகளின் இணைப்புகள் என்ற மாதிரி ஒரு வரி இருக்கும். அங்கே நீங்கள் யார் யாருக்குத் துண்டு கொடுத்தீர்கள் என்று வரிசையாகத் தெரியும், வேண்டாததை அங்கேயே கிழித்துவிடலாம். என் பட்டியலில் பதினொன்று இருந்தன. மகளின் பிறந்தநாள் அட்டை செய்ய ஒரே ஒரு நாள் திறந்த செயலி ஒன்று, என் டிரைவ் முழுவதையும் பார்க்கும் உரிமையோடு மூன்று வருடமாக உட்கார்ந்திருந்தது. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது, ஊருக்குப் புத்தி சொல்கிறவன் நான்.

துண்டு என்றால் நம் பெரியவர்களுக்குக் கசக்கும். அந்தக் காலத்தில் ஆளின் கடனை எழுதிய துண்டு கங்காணி கையில் இருக்கும், கடனை அடைத்தால்தான் ஆள் அடுத்த தோட்டத்துக்குப் போகலாம். அந்தத் துண்டு முறையை ஒழிக்க 1921இல் சட்டம் வேண்டியிருந்தது.

தம்பியிடம் ஒன்று கேளுங்கள்: அந்த ஆட்டோமேஷன் சேவையில் கணக்கு யார் பெயரில்? அவன் பெயரில் என்றால், உங்கள் துண்டு அவன் கணக்கில் கிடக்கிறது. அவன் நல்ல பிள்ளைதான், ஆனால் அவன் பாஸ்வேர்ட் திருடு போனால் உங்கள் பெயரிலும் மடல் போகும். உங்கள் பெயரில் புதிதாகத் திறந்து, இந்த முறை முறுக்குச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, வாசித்துப் பார்த்து அமுக்குங்கள்.

கேள்வி: "கூகுள் மூலம் உள்நுழை" என்று எங்கும் வருகிறதே, அதுவும் இதே துண்டுதானா?
— ஏ.எல். மாணவன், தலவாக்கலை

பதில்: ஒரே குடும்பம், வேலை வேறு தம்பி. அது ஓபன்ஐடி கனெக்ட், 2014இல் வந்தது. ஓஆத் மேல் கட்டியது. சாதாரணமாக உன் பெயர், ஈமெயில், படம், இவ்வளவுதான் போகும், அடையாள அட்டை காட்டுகிற மாதிரி. அதே பக்கத்தில் டிரைவ், ஜிமெயில் என்று கூடுதலாக ஏதாவது கேட்டால், அங்கேயே நிறுத்து.