டைகர் மாத்தைக் கையால் கிளப்புவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

பழைய சிறு விமானங்களை ஓட்டுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை டைகர் மாத் பற்றியவை. 1931இல் பிரிட்டனில் முதன்முதலாகப் பறந்த இரட்டை இறக்கை விமானம் அது. இந்திய விமானப்படை விமானிகளின் ஒரு தலைமுறையே அதில்தான் பறக்கப் பழகியது. அதிலிருந்தே தொடங்குவோம்.

டைகர் மாத்தில் ஸ்டார்ட்டர் கிடையாது, புரொப்பல்லரைக் கையால் சுற்றித்தான் கிளப்புவார்கள் என்கிறார்களே, எப்படி? – ஈரோடு வாசகர்

உண்மைதான். ஸ்டார்ட்டரும் இல்லை, அதற்கு வேண்டிய பேட்டரியும் இல்லை. தீப்பொறிக்கு, எஞ்சினோடு சுழன்று தானே மின்சாரம் உண்டாக்கும் இரண்டு மேக்னெட்டோக்கள், அவ்வளவுதான். எஞ்சின் 130 குதிரைத்திறன் கொண்ட ஜிப்சி மேஜர். நான்கு சிலிண்டர்களும் தலைகீழாகத் தொங்கும்.

முதலில் இரண்டு சக்கரங்களுக்கும் முன்னால் கட்டை வைக்க வேண்டும். பிரேக் இல்லாத விமானம் என்பதால் இதில் சமரசமே கூடாது. பின் இருக்கையில் ஒருவர் உட்கார்ந்து, விமானத்தை இயக்கும் பிடியான ஸ்டிக்கை முழுக்கப் பின்னால் இழுத்துப் பிடித்திருப்பார். வெளியே நிற்பவர் "ஸ்விட்ச் ஆஃப், பெட்ரோல் ஆன், த்ராட்டில் க்ளோஸ்டு" என்று கேட்பார். உள்ளே இருப்பவர் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு அதையே திருப்பிச் சொல்வார். ஸ்விட்சுகள் காக்பிட்டுக்கு வெளிப்பக்கம் இருப்பதால், சுற்றுகிறவர் தன் கண்ணாலேயே அவற்றைப் பார்த்துக்கொள்ளலாம்.

பிறகு கார்புரேட்டரைப் பெட்ரோலால் நிரப்பும் டிக்ளர் என்ற சிறு பொத்தானை அழுத்தி, வடிகுழாயில் பெட்ரோல் சொட்டும் வரை பிடிக்க வேண்டும். அடுத்து புரொப்பல்லரை மெதுவாக நான்கு பிளேடுகள் திருப்ப வேண்டும். நான்கு பிளேடு என்றால் இரண்டு முழுச் சுற்று. அதற்குள் நான்கு சிலிண்டர்களும் தலா ஒருமுறை பெட்ரோல் கலவையை உறிஞ்சிவிடும். இப்போது எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைக் கொஞ்சம் திறந்து, "காண்டாக்ட்" என்றதும் ஸ்விட்சுகளைப் போட்டு, ஒரே இழுப்பு. விரல்கள் பிளேடின் விளிம்பைச் சுற்றி மடங்கவே கூடாது. கை கீழே வரும்போது உடம்பும் பின்னால் நகர வேண்டும். தரை ஈரமாகவோ சரளையாகவோ இருந்தால் விமானத்தை வேறு இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்த்தான் கிளப்ப வேண்டும்.

கிளம்பவில்லை என்றால் முதலில் முன் காக்பிட்டின் ஸ்விட்சுகளைப் பாருங்கள். இரண்டு காக்பிட்டிலும் தனித்தனி ஸ்விட்சுகள் உண்டு. ஒன்று ஆஃபில் இருந்தாலும் அந்த மேக்னெட்டோ வேலை செய்யாது. பெட்ரோல் அதிகமாகி அடைத்துக்கொண்டிருந்தால், ஸ்விட்சை அணைத்து, த்ராட்டிலை முழுக்கத் திறந்து, புரொப்பல்லரைப் பின்பக்கமாகச் சில சுற்றுகள் திருப்பினால் உபரிக் கலவை வெளியேறும். எஞ்சின் சூடாக இருக்கும்போது டிக்ளரைத் தொடவே வேண்டாம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மேக்னெட்டோவை எர்த் செய்துதான் ஸ்விட்ச் அதை நிறுத்துகிறது. அந்த எர்த் கம்பி அறுந்திருந்தால், ஸ்விட்ச் ஆஃபில் இருந்தாலும் எஞ்சின் கிளம்பிவிடும். ஆகவே புரொப்பல்லரை எந்த நேரமும் உயிருள்ளதாகவே நினைத்துத் தொட வேண்டும்.

கிளம்பியதும் பார்க்க வேண்டியது ஆயில் பிரஷர். அரை நிமிடத்துக்குள் முள் எழவில்லை என்றால் உடனே அணைத்துவிட வேண்டும். எழுந்தால், ஆயில் சூடேற நான்கு நிமிடமாவது 800 முதல் 1,000 சுற்று வேகத்தில் ஓடட்டும்.

பிரேக் இல்லாமல் தரையில் எப்படி ஓட்டுவது, எப்படி நிறுத்துவது? – தூத்துக்குடி வாசகர்

இதுதான் மிக முக்கியமான கேள்வி. டைகர் மாத் வானத்தில் மிகவும் பொறுமையான விமானம். அதை உடைத்தவர்களில் பலரும் தரையில்தான் உடைத்தார்கள்.

வால் பகுதியில் சக்கரம் கிடையாது. ஸ்கிட் என்னும் இரும்புக் காலணி போட்ட கட்டைதான் இருக்கும். அது புல்தரையில் உழுதுகொண்டே வரும். பிரேக்கும் அதுதான், நேராக ஓட வைப்பதும் அதுதான். திரும்ப வேண்டுமென்றால், வாலில் உள்ள சுக்கானான ரட்டரின் பெடலை முழுக்க மிதித்து, ஒரு கணம் த்ராட்டிலைத் தட்டி, புரொப்பல்லர் காற்றை ரட்டர் மீது அடிக்கவிட வேண்டும். திரும்பத் தொடங்கியதும் த்ராட்டிலை மூடிவிட வேண்டும். மூக்கு முன்னால் மறைப்பதால் நேராக ஓட்டக் கூடாது. பாம்பு போல வளைந்து வளைந்து போய், பக்கவாட்டில் எட்டிப் பார்த்துக்கொண்டே நகர வேண்டும்.

காற்று எதிரே வந்தால் ஸ்டிக் பின்னால் இருக்கட்டும். முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தால் முன்னால் தள்ளுங்கள், இல்லாவிட்டால் காற்று, வாலில் மேலும் கீழும் அசையும் எலிவேட்டருக்கு அடியில் புகுந்து வாலைத் தூக்கிவிடும். மேல் இறக்கையின் முன்விளிம்பில் தானாகத் திறந்து மூடும் ஸ்லாட்டுகளைத் தரையில் பூட்டி வைக்க வேண்டும். காற்று பலமாக இருந்தால் கீழ் இறக்கையின் வெளித்தாங்கிகளைப் பிடித்தபடி இரண்டு பேர் கூட நடந்து வருவதுதான் முறை. ஆள் கிடைக்கவில்லையா, விமானம் ஹேங்கரிலேயே இருக்கட்டும்.

பழைய விமானத் தளங்களில் பலவும் அகன்ற புல்வெளிகள். காற்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அதை எதிர்த்தே இறங்கலாம். தார் ரன்வே வந்த பிறகு இரண்டு கஷ்டங்கள் சேர்ந்து வந்தன: குறுக்குக் காற்றில் இறங்க வேண்டிய கட்டாயம், தாரில் ஸ்கிட் பிடிக்காமல் வழுக்குவது. எடை மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், வால் ஒருமுறை பக்கவாட்டில் விலகத் தொடங்கினால் தானாகவே மேலும் சுழலும். கீழ் இறக்கையின் நுனி தரையில் உரசி நொறுங்கும். இறங்கியாயிற்று என்று கால் ஓய்வெடுப்பது அந்த நொடியில்தான். விமானம் முழுக்க நிற்கும் வரை ரட்டர் வேலை செய்துகொண்டே இருக்க வேண்டும்.

டேக் ஆஃபில் விமானம் ஒரு பக்கம் இழுக்கும், வலது காலை மிதிக்க வேண்டும் என்று படித்தேன். எல்லா விமானத்துக்கும் அப்படித்தானா? – மதுரை மாணவி

இல்லை. பைப்பர் கப், நம் ஊர் பறக்கும் கிளப்புகளில் ஓடிய புஷ்பக் இரண்டிலும் கான்டினென்டல் எஞ்சின். விமானியின் இருக்கையிலிருந்து பார்த்தால் புரொப்பல்லர் வலஞ்சுழியாகச் சுற்றும், விமானம் இடப்பக்கம் இழுக்கும், வலது கால் வேண்டும். ஜிப்சி மேஜர் இடஞ்சுழி. டைகர் மாத் வலப்பக்கம் இழுக்கும், இடது கால் வேண்டும். வால் எழும்பும் கணத்தில் இழுப்பு கூடும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவர்கள், த்ராட்டிலைத் திறப்பதற்கு முன்பே எந்தக் கால் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்வது நல்லது.

தனியாகப் பறக்கும்போது ஏன் பின் இருக்கை? – சேலம் வாசகர்

எடைச் சமநிலைதான் காரணம். டைகர் மாத்தின் முன் இருக்கை எடை மையத்துக்கு அருகில் இருப்பதால், அது காலியாக இருந்தாலும் சமநிலை அதிகம் மாறாது. பின் இருக்கையைக் காலியாக விட்டால் மூக்கு கனத்துப்போகும். பைப்பர் ஜே-3 கப்பிலும் இதே விதி. அதன் பெட்ரோல் தொட்டி முன் இருக்கைக்கும் முன்னால், மூக்கில் இருக்கிறது.

1932இல் மெட்ராஸுக்கு வந்த முதல் டாடா தபால் விமானம் டைகர் மாத் தானே? – சென்னை வாசகர்

அது புஸ் மாத். ஒற்றை மேல் இறக்கை, மூடிய கேபின், 120 குதிரைத்திறன் ஜிப்சி எஞ்சின். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய்க்குத் தபாலைக் கொண்டுவந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாக மெட்ராஸுக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். அந்த விமானத்தில் ஓர் அருமையான ஏற்பாடு உண்டு. சக்கரத் தாங்கியின் தகட்டு உறையைக் குறுக்காகத் திருப்பினால் அதுவே காற்றுத் தடையாகி, இறங்கும்போது வேகத்தைக் குறைக்கும்.

நம் ஊர் வெயிலில் கார்புரேட்டரில் பனிக்கட்டி உறையும் என்றால் நம்ப முடியவில்லையே? – நாகப்பட்டினம் வாசகர்

நம்புங்கள். பெட்ரோல் ஆவியாகும்போதும், காற்று குறுகிய தொண்டை வழியாகப் பாயும்போதும் கார்புரேட்டருக்குள் வெப்பநிலை 20 டிகிரிக்கும் மேல் இறங்கக்கூடும். மழைக்காலக் காலையில், கடற்கரை ஓரத்தில், 25 டிகிரியில் ஈரப்பதம் நிறைந்திருக்கும்போது, த்ராட்டிலைக் குறைத்து இறங்கினால் பனி கட்டுவதற்கு வேறென்ன வேண்டும்? வறண்ட குளிரைவிட இதுதான் ஆபத்து.

கப், புஷ்பக் போன்றவற்றில் புரொப்பல்லரின் கோணம் மாறாது. ஆகவே முதல் அறிகுறி, காரணமில்லாமல் சுற்று வேகம் மெல்லக் குறைவது. உடனே, கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் கார்ப் ஹீட்டை முழுக்க இழுக்க வேண்டும். பாதி இழுப்பு சில நேரம் நிலைமையை மோசமாக்கும். இழுத்ததும் வேகம் இன்னும் குறையும், உருகிய நீர் உள்ளே போவதால் எஞ்சின் குலுங்கும். அதைப் பார்த்துப் பயந்து திரும்ப மூடுவதுதான் பலர் செய்யும் தவறு. பொறுத்திருந்தால் வேகம் திரும்ப ஏறும். இறங்கத் தொடங்கும்போது, த்ராட்டிலைக் குறைப்பதற்கு முன்பே ஹீட்டைப் போட்டுவிடுங்கள்.

வெளிநாட்டில் பணம் கட்டி டைகர் மாத்தில் பறக்கலாமாமே. ஏறுவதற்கு முன் என்ன கேட்க வேண்டும்? – கோயம்புத்தூர் வாசகர்

இறக்கையைப் போர்த்தியிருக்கும் துணியின் வயதைக் கேளுங்கள். அதிகம் வெயில் படும் மேல் இறக்கையின் மேற்புறம்தான் முதலில் நைந்துபோகும். இறக்கையின் உள்ளே ஸ்ப்ரூஸ் மரம், அதை ஒட்டியிருக்கும் பசை. பழைய கேசின் பசை பாலிலிருந்து எடுப்பது, ஈரம் பட்டால் பூஞ்சை பிடித்து விட்டுப்போகும். அதனால் பின்விளிம்பில் நீர் வடியும் சிறு துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், காக்பிட் தரைக்கு அடியில் குறுக்காக ஓடி இரண்டு கீழ் இறக்கைகளையும் உடற்பகுதியோடு பிணைக்கும் டை ராடுகள். இவற்றின் ஆயுள் 2,000 பறக்கும் மணி அல்லது 18 ஆண்டு, எது முதலில் வருகிறதோ அது. 2013 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஒரு டைகர் மாத்தின் இடது இறக்கை வானத்திலேயே பிரிந்து இருவர் இறந்தார்கள். இரண்டு ராடுகளும் மரை வெட்டிய இடத்தில் உலோகச் சோர்வால் ஏற்கெனவே விரிசல் விட்டு, அங்கேயே முறிந்திருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் இந்த விரிசல் தெரியாது. பதிவேட்டில் ராடு எப்போது போட்டது, எத்தனை மணி ஓடியது என்ற விவரம் இல்லையென்றால், புதிது போடும் வரை அந்த விமானத்தில் ஏறாதீர்கள்.