விடியற்காலையில் தனியாக ஓடப் போக ஆசை, வீட்டில் பயப்படுகிறார்கள். பாதுகாப்புக்கு என்ன செய்யலாம்?

கேள்வி கேட்டவர் சென்னையில் வேலை பார்க்கும் 26 வயதுப் பெண். காலை ஐந்து மணிக்கு ஓட ஆரம்பிக்க நினைக்கிறார், அம்மா "இருட்டில் தனியாகவா?" என்று தடுக்கிறார் என்று எழுதியிருக்கிறார். எனக்கு வயது 41, இரண்டு பிள்ளைகள். திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் ஒன்பது வருடமாக ஓடுகிறேன், பெரும்பாலும் தனியாகத்தான்.

எனக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓட ஆரம்பித்த இரண்டாவது வருடம், நவம்பர் மாதம். மழை விட்ட ஒரு விடியற்காலை, ஐந்தேகால் இருக்கும். காதில் இயர்போன், பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் பைக் வந்ததே தெரியவில்லை. முதுகில் ஓங்கி ஒரு அடி விழுந்தது, அந்தக் கை அப்படியே கீழே இறங்கியது. தடுமாறி ஒரு வீட்டுக் காம்பவுண்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது, சிவப்பு விளக்கு மட்டும் தெருமுனையில் திரும்பி மறைந்தது. வண்டி நம்பர் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து குளித்தேன், சட்னி அரைத்தேன், பிள்ளைகளுக்கு டிபன் கட்டி அனுப்பினேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பது இதைப் படிக்கும் பல பெண்களுக்குத் தெரிந்திருக்கும். சொன்னால் ஓட்டம் நின்றுவிடும். அவ்வளவுதான் காரணம். மறுநாளும் அதே நேரத்துக்குக் கிளம்பினேன். அந்தத் தெருவைத் தவிர்க்க வேண்டுமென்று இன்னும் ஆள் நடமாட்டம் இல்லாத வேறொரு தெரு வழியாகப் போனேன். நடந்ததும் யாருக்கும் தெரியாது, நான் வழியை மாற்றியதும் யாருக்கும் தெரியாது. இத்தனை வருடத்தில் நான் செய்த மிக ஆபத்தான காரியம் அதுதான். இருட்டில் ஓடியதைவிட ஆபத்தானது.

ஐந்து வாரம் கழித்துதான் கணவரிடம் சொன்னேன். இருவரும் காவல் நிலையத்துக்குப் போனோம். அங்கே ஒருவர் "இருட்டுல ஏம்மா ஓடுறீங்க?" என்று கேட்டார். உள்ளே இருந்த பெண் எஸ்.ஐ. அவரைப் பேசவிடாமல் நிறுத்தி, உட்காரவைத்துப் புகாரை எழுதி வாங்கினார். ஆனால் அந்தத் தெருவில் கேமரா இருந்த இரண்டு வீடுகளிலும் பதிவு அழிந்துவிட்டது. வீட்டு சிசிடிவிகளில் சில வாரங்களில் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். அன்றைக்கே சொல்லியிருந்தால் வண்டி நம்பராவது கிடைத்திருக்கலாம். அந்த ஆள் பிடிபடவில்லை.

அதனால் உங்களுக்கு நான் சொல்லும் முதல் விஷயம், என்ன நடந்தாலும் அன்றைக்கே உண்மையைச் சொல்ல வீட்டில் ஒரு ஆளைப் பிடியுங்கள். "சொல்கிறேன், ஆனால் ஓடாதே என்று சொல்லக் கூடாது, என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிக்க வேண்டும்" என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அம்மாவாக இருக்கலாம், அக்காவாக இருக்கலாம், ஹாஸ்டல் தோழியாகக்கூட இருக்கலாம். எந்த வழியாகப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சொன்ன நேரம் தாண்டிப் பதினைந்து நிமிடம் ஆனால் அவர் கூப்பிட வேண்டும்.

அடுத்தது வழி. நல்ல வெளிச்சமான ரோடு என்றால் போதும் என்று எல்லோரும் சொல்வார்கள். என் அனுபவத்தில் விளக்கைவிட ஆள் முக்கியம். எல்.இ.டி. விளக்கு பளிச்சென்று எரியும் ஆளில்லாத அகலமான ரோட்டைவிட, ஆவின் பூத்தும் டீக்கடையும் இருக்கிற சின்னத் தெரு எவ்வளவோ மேல். மார்கழியில் கவனித்துப் பாருங்கள். இருட்டு அதிகம்தான். ஆனால் நாலரை மணிக்கே கோயிலில் பாட்டு, வாசலில் கோலம், பஜனை என்று தெரு விழித்துக்கொண்டிருக்கும். எனக்கு அந்தச் சம்பவம் நடந்த அதே தெருவில், அடுத்த மாதம் அதே நேரத்தில் ஏழெட்டுப் பெண்கள் வாசலில் உட்கார்ந்து புள்ளி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் என் வழியை மாற்றி அமைத்தேன். நீளமாக ஐந்து கிலோமீட்டர் போய்த் திரும்புவதை விட்டுவிட்டு, ஒன்றரைக் கிலோமீட்டர் வட்டம் ஒன்றைப் போட்டுக்கொண்டு அதையே நாலு சுற்று சுற்றுகிறேன். வழியில் ஒரு பூக்கார அம்மா, ஒரு பால் பூத், ஒரு அபார்ட்மென்ட் வாட்ச்மேன் அண்ணன். என் வேகத்துக்குப் பத்துப் பதினோரு நிமிடத்துக்கு ஒருமுறை அவர்கள் ஒவ்வொருவர் கண்ணிலும் படுவேன். முதல் நாளே நின்று பேசுங்கள். "அம்மா, நான் தினமும் இந்தப் பக்கம் ஓடுறேன், ஒரு கண்ணு வச்சுக்கோங்க" என்றால் யாரும் மறுப்பதில்லை. ஒரு மாதத்தில் அவர்களே "இன்னைக்கு லேட்டு" என்பார்கள்.

இது சும்மா மனத்தெம்புக்குச் சொல்வதில்லை. மூன்று வருடம் முன்பு ஒரு ஸ்கூட்டர்க்காரன் இரண்டு சுற்றாகப் பின்னாலேயே வந்தான். நான் வேகத்தைக் கூட்டவில்லை, வீட்டுப் பக்கமும் திரும்பவில்லை. நேரே பால் பூத்துக்குள் ஏறி, டிரே அடுக்கிக்கொண்டிருந்த அக்கா பக்கத்தில் நின்றுகொண்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், கையில் இருந்த டிரேயைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய், "யாரு வேணும் உனக்கு?" என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார். டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் எழுந்தார்கள். அவன் போய்விட்டான். இந்த முறை வண்டி நம்பரும் கையில் இருந்தது, அன்று காலையே புகார் கொடுத்தேன். யாராவது பின்தொடர்வதாகத் தோன்றினால் வீட்டுக்கு ஓடாதீர்கள். வீடு எது என்று அவனுக்குக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். ஆள் இருக்கும் இடத்துக்குப் போங்கள்.

இயர்போனை நான் அன்றோடு விட்டுவிட்டேன். வெளியே ஓடும்போது காதுதான் முதுகுக்குக் கண். தாண்டிப் போகிற பைக்கின் சத்தம் ஒரே சீராக ஏறி இறங்கும். மெதுவாக்குகிற வண்டியில் கியர் குறையும், சத்தம் கட்டையாகும். இருட்டில் இன்னொரு அடையாளமும் உண்டு. பின்னாலிருந்து ஹெட்லைட் விழுந்தால் நம் நிழல் முன்னால் நீளமாக விழும். வண்டி தாண்டும்போது அந்த நிழல் பக்கவாட்டில் சரேலென்று ஓடிவிடும். ஓடாமல் முன்னாலேயே நின்றால், வண்டி நம் வேகத்துக்கு வருகிறது என்று அர்த்தம். உடனே நின்று, திரும்பி, முகத்தை நேராகப் பாருங்கள். தயங்க வேண்டாம், அது மரியாதைக்குறைவு இல்லை. ரோட்டின் வலது பக்கமாக, வண்டிகளுக்கு எதிர்முகமாக ஓடினால் இந்தத் தொல்லை பாதி குறையும். ராங் சைடில் வருகிறவர்கள் நம் ஊரில் உண்டு என்பதால், அப்போதும் அவ்வப்போது திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நகை. 2025 மார்ச் 25 அன்று காலை தென்சென்னையில் ஒரு மணி நேரத்துக்குள் அடுத்தடுத்துப் பல இடங்களில் சங்கிலி பறித்தார்கள். நடைப்பயிற்சிக்குப் போன பெண்களும் மாட்டினார்கள். அன்று மாலை என் மாமியார் என்னைக் கூப்பிட்டு, ஒரு மஞ்சள் கயிற்றில் தாலியைக் கோத்துக் கொடுத்தார். "ஓடப் போறப்ப இதைப் போட்டுக்கோ, செயின் பீரோவில இருக்கட்டும்." ஒரு காலத்தில் நான் ஓடுவதே பிடிக்காமல் இருந்தவர் அவர். உங்களுக்குச் சின்னச் சங்கிலி இருந்தாலும் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். ஒருவேளை யாராவது பறித்தால் இழுத்துப் பிடிக்காதீர்கள். வண்டியோடு இழுபட்டுக் கழுத்திலும் தலையிலும் அடிபடுவதுதான் மிச்சம்.

போனைப் பற்றி. கட்டாயம் எடுத்துப் போங்கள், கையிலோ இடுப்புப் பெல்ட்டிலோ. அவசர எண் 112, பெண்கள் உதவிக்கு 181. தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியில் அவசர பட்டன் இருக்கிறது. இப்போதைய பல போன்களில் பவர் பட்டனை ஐந்து முறை வேகமாக அழுத்தினால் அவசர அழைப்பு போகும்படி வைத்துக்கொள்ளலாம். செட்டிங்ஸில் போய், யாருக்குத் தகவல் போக வேண்டும் என்பதை இன்றைக்கே பதிந்து வையுங்கள். கை நடுங்கும்போது தேடிக்கொண்டிருக்க முடியாது. வாட்ஸாப்பில் லைவ் லொகேஷனை ஒரு மணி நேரத்துக்குப் போட்டுவிட்டுக் கிளம்புவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பெப்பர் ஸ்பிரே வைத்திருப்பது இங்கே சட்டப்படி தவறில்லை. ஆனால் கடற்கரையில் காற்று எதிர்ப்பக்கமாக அடித்தால் நம் கண்ணிலேயே விழும். என்னிடம் இருப்பது ஒரு விசில், நாலு தெருவுக்குக் கேட்கும்.

ஓட்டத்தை மேப்போடு பதிவு செய்யும் ஸ்ட்ராவா மாதிரி ஆப் போட்டிருந்தால் தயவுசெய்து அதன் தனியுரிமைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஓட்டம் தொடங்கும் இடமும் முடியும் இடமும்தான் உங்கள் வீடு. அதை மறைக்க அதிலேயே வசதி இருக்கிறது, மேப்பையே முழுதாகவும் மறைக்கலாம். பார்ப்பவர்களை, நீங்கள் அனுமதித்த ஃபாலோயர்கள் மட்டும் என்று சுருக்கிவிடுங்கள். எனக்கு முன்பின் தெரியாத ஒருவர் "நேத்து ஏன் அந்த ரூட்ல வரல?" என்று அதில் கேட்டிருந்தார். நல்ல எண்ணத்தில் கேட்டிருக்கலாம். ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. படம் போடுவதென்றாலும் வீட்டுக்கு வந்த பிறகு போடுங்கள். இந்தப் பதிலிலும் நான் சொல்லியிருக்கும் நேரமும் வழியும் கொஞ்சம் மாற்றப்பட்டவைதான்.

நாய்கள். உண்மையில் தினசரித் தொல்லை இதுதான். துரத்தினால் ஓட்டத்தை நிறுத்துங்கள். ஓடுகிற காலைத்தான் அது துரத்துகிறது. அசையாமல் நின்று, முறைத்துப் பார்க்காமல் மெல்லப் பின்வாங்குங்கள். பெரும்பாலும் குனிந்து கல் எடுக்கிற மாதிரி செய்தாலே தள்ளிப் போகும். கடித்துவிட்டால், கீறலாக இருந்தாலும் சரி, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம். எல்லா டோஸையும் போட்டு முடிக்க வேண்டும்.

சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்து வையுங்கள், புகார் கொடுக்கும்போது குரல் உறுதியாக வரும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தில், பெண்ணின் மானத்துக்குப் பங்கம் செய்யும் எண்ணத்தோடு கை வைப்பது 74-ஆவது பிரிவு, பின்தொடர்வது 78, கேவலமான பேச்சும் சைகையும் 79. "எங்க லிமிட் இல்லை, அந்த ஸ்டேஷனுக்குப் போங்க" என்று திருப்பி அனுப்ப முடியாது. எந்தக் காவல் நிலையத்திலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டும்.

"இருட்டுல ஏன் ஓடுறீங்க" என்ற கேள்விக்கு வருகிறேன். சென்னையில் ஏப்ரல், மே மாதத்தில் ஏழு மணிக்கு ஓடினால் தலை சுற்றும். எட்டு மணிக்கு வீட்டில் வேலை, ஒன்பதுக்கு ஆபீஸ். பல பெண்களுக்குக் கிடைப்பது அந்த ஒரு மணி நேரம்தான். ஜூனில் ஐந்தே முக்காலுக்குள் சூரியன் வந்துவிடும், ஜனவரியில் ஆறரை ஆகும். முடிந்தால் நேரத்தை மாதத்துக்குத் தகுந்தபடி தள்ளிவையுங்கள், அது நல்லதுதான். ஆனால் வெளிச்சமே காவல் என்று நினைக்காதீர்கள். 2022 ஜனவரி 12 அன்று அயர்லாந்தில் டல்லமோர் என்ற ஊரில், பலர் நடக்கும் கால்வாய்க் கரையில் ஓடப்போன 23 வயது ஆசிரியை பட்டப்பகலில் கொல்லப்பட்டார். "அவர் ஓடத்தான் போனார்" என்று எழுதிப் பிடித்துக்கொண்டு அந்த நாடே தெருவில் நின்றது. அந்த வரியைப் படித்தபோது காவல் நிலையத்தில் என்னிடம் கேட்ட கேள்விதான் ஞாபகம் வந்தது. நேரமோ உடையோ தனியாகப் போனதோ குற்றம் இல்லை. குற்றம் செய்தவன் அவன். உங்களுக்கு ஏதாவது நடந்தால் தயவுசெய்து உங்களையே விசாரித்துக்கொண்டிருக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை நீண்ட தூர ஓட்டத்தைக் குழுவோடு வைத்துக்கொள்ளுங்கள். சென்னை ரன்னர்ஸுக்கு ஏரியாவாரியாகக் கிளைகள் இருக்கின்றன, புதிதாக வருகிறவர்களை நன்றாகச் சேர்த்துக்கொள்வார்கள். மற்ற நாளில் தனியாக ஓடும் சுகம் வேறு, அதை விட்டுக்கொடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் அம்மாவின் பயத்துக்கு ஒரு யோசனை. வாயால் சமாதானம் சொல்லாமல் ஒருநாள் விடியற்காலையில் அவரையே உங்கள் வழியில் நடத்திக் கூட்டிப் போங்கள். என் மாமியாரை அப்படித்தான் கூட்டிப் போனேன். நான் சுற்றி முடிக்கும்வரை பூக்கார அம்மா பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து முல்லை தொடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது இருவரும் போன் நம்பர் வாங்கிக்கொண்டார்கள். போன வருடம் எனக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் போகவில்லை. மூன்றாம் நாள் காலை ஐந்தே முக்காலுக்கு மாமியார் போன் அடித்தது. "உங்க மருமக ஏன் வரல? நல்லா இருக்கால்ல?"