கேள்வி-பதில்: பைன் கன்றும் ஜப்பானியத் தோட்டமும்

இந்த முறை கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம். ஜப்பானியத் தோட்டங்களில் தண்டு வளைந்து, கிளைகள் தட்டுத் தட்டாக விரிந்து நிற்குமே, அந்த பைன். நிவாகி என்று விற்கிறார்கள். கடிதங்களைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன்.

கேள்வி (வேளச்சேரி): ஆன்லைனில் 'ஜப்பானிய நீல பைன் போன்சாய் விதை' 50 வாங்கினேன், 299 ரூபாய். முளைத்தது இரண்டுதான், அதுவும் கீரை மாதிரி இருக்கிறது. என் தப்பா?

பதில்: உங்கள் தப்பு எதுவும் இல்லை. போன்சாய் விதை என்று தனியாக ஒன்று கிடையவே கிடையாது. சாதாரண மரத்து விதையைத்தான் முளைக்க வைத்து, வெட்டி, கம்பி கட்டி அப்படி ஆக்குகிறார்கள். படத்தில் இருந்த அந்த மின்னும் நீலம் கம்ப்யூட்டரில் ஏற்றியது. 299 ரூபாய்தானே என்று ஆளாளுக்கு விட்டுவிடுவதால்தான் இந்த வியாபாரமே ஓடுகிறது, நீங்களாவது விடாதீர்கள். விளம்பரத்தில் சொன்னதற்குப் பொருந்தாத பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று சொல்ல 2020 இ-காமர்ஸ் விதிகள் விற்பவரை அனுமதிப்பதில்லை. விளம்பரப் பக்கத்தையும் முளைத்ததையும் படம் எடுத்துக்கொண்டு முதலில் தளத்தில் புகார் செய்யுங்கள், அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். அப்புறம், சென்னையில் ஜப்பானிய பைனுக்குக் குளிர்கால ஓய்வு கிடைக்காது. ஆசை விடவில்லை என்றால் சவுக்கு வையுங்கள். வெயில் தாங்கும், கம்பிக்கு வளையும், இந்தோனேசியாவிலும் தைவானிலும் அதை பைன் மாதிரியே அழகாகப் பழக்குகிறார்கள்.

கேள்வி (கோத்தகிரி): 'ஜப்பான் கருப்பு பைன்' என்று கன்று ஒன்றுக்கு 1,500 ரூபாய் கேட்கிறார்கள். நம்பலாமா?

பதில்: பணம் எடுக்கும் முன் ஒரு கொத்து ஊசியைப் பிடுங்கி எண்ணுங்கள். ஊசிகள் அடியில் ஒரு மெல்லிய உறைக்குள் சேர்ந்திருக்கும். கருப்பு பைனில் உறைக்கு 2 ஊசி, விறைப்பாகக் கையில் குத்தும், நுனி மொட்டு வெள்ளையாக இருக்கும். 3 ஊசி நீளமாகத் தொங்கினால், அது உங்கள் மலையிலும் கொடைக்கானலிலும் தோப்புத் தோப்பாக நட்டு வைத்திருக்கும் மெக்சிகோ பைன். அதில் கச்சிதமான தட்டு அமைவது கஷ்டம். 5 ஊசி இருந்தால் ஜப்பானிய வெள்ளை பைனாக இருக்க வாய்ப்புண்டு. கிளைகள் அடுக்கடுக்காக, அளவெடுத்த மாதிரி நின்றால் கிறிஸ்துமஸுக்கு விற்கும் அரக்கேரியா, அது பைனே இல்லை.

கேள்வி (ஹாரோ, லண்டன்): கன்றிலிருந்து நானே தொடங்க விரும்புகிறேன். என்ன வாங்குவது, என்ன செலவு? 120 பவுண்டுக்கு ஒரு 'ஆரம்பப் பெட்டி' விற்கிறார்கள்.

பதில்: பெட்டி வேண்டாம். நானும் அப்படி ஒரு செட் வாங்கினேன். கத்தரியின் ஆணி முதல் சீசனிலேயே ஆடியது, அலகு சேராமல் ஊசியை நசுக்கியது, விற்றவர் பதிலே போடவில்லை. ஒரு நல்ல கவாத்துக் கத்தரி, மூங்கில் குச்சி, சணல் கயிறு, கொஞ்சம் அலுமினியக் கம்பி, இவ்வளவு போதும்.

கன்றுக்கு ஸ்காட்ஸ் பைன் எடுங்கள், இங்கிலாந்துக் குளிருக்குப் பழகிய மரம். நவம்பர் முதல் மார்ச் வரை தொட்டியில்லாமல் வேரோடு விற்பார்கள், ஒன்று ஓரிரு பவுண்டுக்கே கிடைக்கும். சில பட்டுப்போகும், அதனால் பத்தாக வாங்குங்கள். நிமிர்ந்து நெடுநெடுவென்று நிற்பதை விட்டுவிட்டு, அடியிலிருந்தே கிளை விட்டதை, கோணல் என்று ஓரமாக ஒதுக்கி வைத்திருப்பதைப் பொறுக்குங்கள். தரையில் நடுங்கள், தொட்டியில் தண்டு பருக்க யுகமாகும். தண்டு விரல் பருமனைத் தாண்டுவதற்குள் வளைத்துவிட வேண்டும். ஒரு குச்சியைச் சாய்த்து ஊன்றித் தண்டை அதோடு கட்டி, அதற்கு மேலே அடுத்த குச்சியை எதிர்ப்பக்கம் சாய்த்துக் கட்டினால் நெளிவு வந்துவிடும். வளைவின் வெளிப்பக்கத்துக் கிளைகளை வைத்துக்கொண்டு உள்பக்கத்தில் இருப்பதை எடுங்கள், மிஞ்சியதைக் கயிற்றால் படுக்கையாக இழுத்துக் கட்டுங்கள். வசந்தத்தில் குருத்து நீளும்போது கொத்தில் வலுத்ததைக் கையாலேயே ஒடிக்க வேண்டும், இலையுதிர்காலத்தில் பழைய ஊசிகளைக் களைய வேண்டும். எது செய்தாலும் ஊசி இல்லாத கட்டை வரை வெட்டாதீர்கள், பைன் அங்கிருந்து துளிர்க்காது. கண்ணுக்கு ஒரு வடிவம் தெரியவே பத்து வருஷம் பிடிக்கும். அதற்குப் பொறுமை இல்லையென்றால் இப்போதே சொல்லிக்கொள்ளுங்கள், கன்றுகளாவது பிழைக்கும்.

கேள்வி (பிரிஸ்டல்): வேலி வெட்டும் மிஷினால் பைனைக் கவாத்து செய்யலாமா? நேரம் மிச்சமாகுமே.

பதில்: கூடாது.

கேள்வி (சர்ரே): '30 வயது, ஜப்பானில் பழக்கிய மரம்' என்று 2,400 பவுண்டு சொல்கிறார்கள். நியாயமா?

பதில்: இந்த 'வயது' என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கொதிக்கிறது. முப்பது வருஷம் வயலில் தன் பாட்டுக்கு வளர்ந்து, கடைசி இரண்டு வருஷத்தில் மிஷினால் உருண்டை உருண்டையாக வெட்டப்பட்ட மரத்துக்கும் வயது முப்பதுதான். நீங்கள் காசு கொடுப்பது அதன்மேல் விழுந்த கை வேலைக்கு, அதை எந்த அட்டையிலும் எழுதுவதில்லை. ஜப்பானில் தகமாட்சு நகரத்து ரிட்சுரின் தோட்டத்தில் சுமார் 1,400 பைன் மரங்கள், அதில் ஆயிரத்தைத் தோட்டக்காரர்கள் வருஷா வருஷம் கையாலேயே பராமரிக்கிறார்கள். ஒரு வருஷம் விட்டாலே வடிவம் கலையத் தொடங்கும். இங்கே விற்பவர் அந்தப் பேரை மட்டும் ஒட்டிக்கொள்கிறார்.

நேரில் போங்கள். ஒரு தட்டைத் தூக்கி அடியில் பாருங்கள். கிளை விசிறி போலப் பிரிந்து பிரிந்து நுனி வரை போனால் யாரோ உழைத்திருக்கிறார்கள். மொட்டைக் கிளையின் நுனியில் மட்டும் பச்சைக் கொத்து இருந்தால் வெளியே வந்துவிடுங்கள், அதைத் திருத்தவே முடியாது. கம்பி பட்டைக்குள் புதைந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். வேரை எப்போது கடைசியாகச் சுற்றி வெட்டினார்கள் என்று கேளுங்கள், பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்கினால் நட்ட மரம் பிழைக்குமா என்பதே சந்தேகம். ஜப்பான் மரம் என்றால் தாவரச் சுகாதாரச் சான்றிதழின் நகலும் வேண்டும். பைனைக் கொல்லும் நூற்புழு அந்த நாட்டில் உண்டு, காகிதம் இல்லாத மரத்தை நீங்கள் கொண்டுவந்தால் பக்கத்துத் தோட்டத்துக்கும் ஆபத்து. இத்தனையும் சரியாக இருந்தால் 2,400 அதிகமில்லை.

கேள்வி (மான்செஸ்டர்): படத்தில் பார்த்தது ஒரு மரம், வந்தது அதில் பாதி. 'செடி என்றால் வித்தியாசம் இருக்கும்' என்கிறார்கள்.

பதில்: வித்தியாசம் இருக்கலாம், பாதியாக இருக்கக் கூடாது. நடாதீர்கள், ஒரு ஊசியைக் கூட வெட்டாதீர்கள், தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, விவரித்ததற்குப் பொருந்தாத பொருளை 30 நாளுக்குள் நிராகரித்து முழுப் பணமும் கேட்கலாம். அளவுகோல் வைத்துப் படம் எடுத்து இன்றைக்கே எழுத்தில் அனுப்புங்கள். விலை 100 பவுண்டுக்கு மேல் இருந்து கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், கார்டு கம்பெனியிடமும் கேட்க உரிமை உண்டு.

கேள்வி (டொராண்டோ): தள்ளுபடியில் 400 டாலருக்கு வாங்கிய பைனைக் குளிர் தாக்கக் கூடாது என்று ஹீட்டர் பக்கத்தில் வைத்தேன். முழுசாகப் பழுத்துவிட்டது. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. பைன் வெளியே இருக்க வேண்டிய மரம், குளிரில் உறங்கினால்தான் அது பிழைக்கும். நானூறு டாலர் கொடுக்கத் தெரிந்தவருக்கு ஒரு வரி கேட்டுக்கொள்ள நேரமில்லையா? அட்டையில் 'வீட்டுக்குள் வைக்கும் செடி' என்று எழுதியிருந்தால் மட்டும் கடைக்காரரைக் கேளுங்கள், அப்போது உங்கள் பக்கம் நியாயம் உண்டு.

கேள்வி (லெஸ்டர், ஒரு அம்மா): என் கணவர் கன்றிலிருந்து வளைத்து வளர்த்த பைன். அவர் போன பிறகு, நிவாகி அனுபவம் உண்டு என்று சொன்ன ஒருவரை அழைத்தேன். ஒரே காலையில் பாதிக் கிளைகளைக் கட்டையாக வெட்டிவிட்டு 280 பவுண்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். 'தானாக வளரும்' என்கிறார்.

பதில்: படிக்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது அம்மா. வளராது. அவர் சொல்வது பொய், இல்லாவிட்டால் தொழில் தெரியாத பேச்சு. வேலையை நியாயமான திறமையோடும் கவனத்தோடும் செய்ய வேண்டும் என்பது அதே 2015 சட்டம், இதை மறுபடி செய்து சரிப்படுத்த வழியில்லாததால் கூலியைத் திரும்பக் கேட்கலாம், மரத்துக்கு ஏற்பட்ட நஷ்டத்தையும் சேர்த்துக் கேட்கலாம். அவருடைய விளம்பரம், வந்த மெசேஜ்கள், மரத்தின் பழைய போட்டோக்கள் எல்லாம் எடுத்து வையுங்கள். மர நிபுணர் ஒருவரிடம் நஷ்டத்தை மதிப்பிட்டு எழுத்தில் வாங்குங்கள். பிறகு 14 நாள் கெடு வைத்து ஒரு கடிதம், அதற்கும் மசியாவிட்டால் சிறுவழக்கு நீதிமன்றம். இங்கிலாந்தில் 10,000 பவுண்டு வரை அங்கே கேட்கலாம், வக்கீல் வேண்டியதில்லை. மரத்தை இந்த வருஷம் யாரும் தொட வேண்டாம். ஊசி மிஞ்சியிருக்கும் கிளைகளில் புது மொட்டு வரும், காலியான இடத்துக்குப் பக்கத்துக் கிளையை மெல்ல இழுத்துக் கட்டலாம். சரிசெய்து தருகிறேன் என்று அந்த ஆள் மறுபடி வந்தால் கேட்டுக்கு உள்ளேயே விடாதீர்கள்.