படம் சுவரில் இருக்கட்டும், கடிதம் உறையில் இருக்கட்டும்

கேள்வி: வைகாசியில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம், திருக்கடையூரில் வைத்துச் செய்கிறோம். நாங்கள் மூன்று பிள்ளைகள். தம்பி துபாயில் இருக்கிறான். நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது ஸ்டூடியோவில் எடுத்த குடும்பப் படத்தைப் பெரிதாக்கி, சுற்றிலும் மூவரும் கைப்பட எழுதிய கடிதங்களை வைத்து ஒரே ஃபிரேமாகக் கொடுக்க ஆசை. கடைக்காரர் எல்லாவற்றையும் லேமினேஷன் போட்டுவிடலாம் என்கிறார். நாள்பட நிற்குமா? இன்னொன்று, பேனாவை எடுத்தால் என்ன எழுதுவதென்றே வரவில்லை.
(வாசகி ஒருவர், விருதுநகர்)

பதில்: லேமினேஷன் வேண்டாம். சூட்டில் இளகும் பசையை வைத்து பிளாஸ்டிக்கை ஒட்டுகிற வேலை அது. ஒட்டிய பிறகு தாளுக்குச் சேதமில்லாமல் பிரிக்க வழியே இல்லை. ஓரத்தில் கொஞ்சம் விட்டுப்போனாலும் ஈரம் உள்ளே புகுந்து அங்கேயே தங்கிவிடும். மறுபடி பிரிண்ட் போட்டுக்கொள்ளக்கூடிய பிரதிக்குச் செய்தால் பரவாயில்லை. பழைய அசல் படத்துக்கும் கையால் எழுதிய தாளுக்கும் கூடவே கூடாது.

கடிதங்களைச் சுவரில் மாட்டுவதையே நான் வேண்டாம் என்பேன். வெளிச்சம் பட்டுக்கொண்டே இருந்தால் மை வெளிறும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் எழுதுகிற கையில் இருக்கிறது. கூடத்தில் தொங்கப்போகிற கடிதம் என்று தெரிந்தால், சித்தப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் படிப்பார்களே என்ற நினைப்பு எழுதும்போதே வந்துவிடும். ‘எங்களை ஆளாக்கிய தெய்வங்களே’ என்று வாழ்த்து மடல் நடையில் கை போகும். உங்களுக்கு எழுத்து வராமல் நிற்பதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அப்பாவும் அம்மாவும் மட்டும் படிக்கப்போகிறார்கள் என்று வைத்துக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள், கை ஓடும்.

ஆகவே பெரிய படம் சுவருக்கு. கடிதம் உறைக்குள், ஒவ்வொரு உறையிலும் அதே படத்தின் சின்னப் பிரதி ஒன்று, 5x7 அங்குலம் போதும். படத்தின் முகமும் மை எழுத்தும் ஒன்றோடொன்று உரசாதபடி நடுவே ஒரு வெள்ளைத்தாள் வையுங்கள். பீரோவில் இருந்து எப்போது எடுத்தாலும் படமும் கடிதமும் சேர்ந்தே கைக்கு வரும்.

இனி எழுதுவது. அந்தச் சின்னப் பிரதியை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். முகங்களை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள். பின்னால் தொங்கும் வரைந்த திரை, அப்பாவின் சட்டைப்பையில் இருக்கும் பேனா, அம்மாவின் கைக்கடிகாரம், தம்பியின் அழுது ஓய்ந்த கண். உங்கள் பட்டுப்பாவாடை தீபாவளிக்கு எடுத்ததா, யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ எடுத்ததா? அந்த மாதம் வீட்டில் பணம் எப்படி இருந்தது? பாட்டி ஏன் படத்தில் இல்லை? இவற்றில் எது உங்களைப் பிடித்து நிறுத்துகிறதோ அங்கிருந்து தொடங்குங்கள்.

‘எங்களுக்காக எவ்வளவோ தியாகம் செய்தீர்கள்’ என்பதை யாரும் யாருக்கும் எழுதலாம். ‘இந்தப் படத்தில் நாங்கள் மூன்று பேரும் புதுத்துணி. உங்கள் சட்டைக் காலர் மட்டும் திருப்பித் தைத்தது, அப்பா. இத்தனை வருஷம் கழித்து இன்றைக்குத்தான் அது என் கண்ணில் பட்டது’ என்பதை உங்கள் அப்பாவுக்கு நீங்கள் மட்டுமே எழுத முடியும். இப்படி இரண்டு மூன்று விஷயம் அமைந்துவிட்டால் கடிதம் முடிந்த மாதிரி. ஒரு பக்கத்துக்கு மேல் நீட்ட வேண்டியதில்லை. பழைய மனத்தாங்கல் ஏதாவது இருந்தால் அதற்கு இந்தக் கடிதம் இடமல்ல, நேரில் பேசிக்கொள்ளுங்கள். கடைசி வரியில் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘அன்றைக்கு ஸ்டூடியோவுக்குப் போகலாம் என்று சொன்னது யார், நீங்களா அம்மாவா?’ அப்பா பதில் எழுதினாலும் எழுதுவார். வீட்டில் பழைய இன்லேண்ட் கடிதங்கள் எந்த முறையில் ஓடினவோ அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம், பிள்ளையார் சுழியும் ‘நலம், நலமறிய ஆவல்’ என்பதும் உட்பட. ஊர், தேதி, வருடம் மட்டும் விட்டுப்போகக் கூடாது.

பேனா விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். சாதாரண பால்பாயிண்ட் பேனாவிலும் பெரும்பாலான ஃபவுண்டன் பேனா மைகளிலும் இருப்பது சாயம். வெளிச்சத்தில் வெளிறக்கூடியது, ஃபவுண்டன் மையானால் தண்ணீர் பட்டாலே ஓடிவிடும். பிக்மெண்ட் மை, அதாவது தண்ணீரில் கரையாத நிறத்துகள் கலந்த மை உள்ள பேனா கேட்டு வாங்குங்கள். படம் வரைகிறவர்களுக்கான கடைகளில் யூனி பின், பிக்மா மைக்ரான் என்ற பெயர்களில் கிடைக்கும். கறுப்பே நல்லது, 0.5 அல்லது 0.8 முனை எடுங்கள். அறுபதை ஒட்டிய கண்கள் வாசிக்கப்போகின்றன, எழுத்து பெரிதாகவும் வரிகள் தள்ளியும் இருக்கட்டும். தாளில் ‘ஆசிட் ஃப்ரீ’ என்று போட்டிருக்கிறதா பாருங்கள். மரக்கூழில் உள்ள லிக்னினும் அமிலமும்தான் தாளைப் பழுப்பாக்கி நொறுங்கச் செய்கின்றன. செய்தித்தாள் சீக்கிரம் மஞ்சளிப்பது அதனால்தான். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதம் அழகானது, ஆனால் இந்த வகைத் தாள் சிலவற்றில் மேற்பரப்பு சொரசொரப்பு. மை பரவுகிறதா என்று ஓரத்தில் எழுதிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மூலையில் மஞ்சள் தடவுகிற வழக்கம் உண்டென்றால் வெளி உறையில் தடவுங்கள், கடிதத்தில் வேண்டாம்.

ஃபிரேம் கடையில் சொல்ல வேண்டியது இதுதான். கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. நடுவே மவுன்ட் போர்டு, அதாவது படத்தைச் சுற்றி வரும் தடித்த அட்டைச் சட்டம் வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். லேபில் போடும் பிரிண்டின் மேல்பூச்சு ஜெலட்டின். மழைக்காலத்து ஈரத்தில் அது இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் படத்தைக் கிழிக்காமல் எடுப்பது கடினம். செல்லோடேப் எங்கும் வேண்டாம், அதன் பசை பழுப்புக் கறையாக இறங்கும். பின்பலகைக்கும் படத்துக்கும் நடுவே ஆசிட் ஃப்ரீ தாள் ஒன்று போடட்டும். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரை விட்டு உட்சுவரில் மாட்டுங்கள். பூஜை அறைப் புகையும் ஆகாது. பெரிதாக்குவதற்கு அசலை 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து வாங்கிக்கொண்டு, அசலைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். எழுதி முடித்த கடிதங்களையும் 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து மூன்று பேரும் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தில் இருப்பவர்களின் பெயரையும் வருடத்தையும் பிரிண்டின் பின்னால் பால்பாயிண்டில் எழுதாதீர்கள், அழுத்தம் முகப்பில் தெரியும். தனிச் சீட்டில் எழுதி உறைக்குள் போடுங்கள்.

தம்பி கடிதத்தை வாட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பிவிடுகிறேன் என்பார். விடாதீர்கள். தமிழ் எழுதிப் பல வருடம் ஆகியிருந்தாலும், எழுத்துப் பிழை இருந்தாலும், அம்மாவுக்கு வேண்டியது அவர் கையெழுத்து. இரண்டு மாதம் முன்பே யாராவது ஊருக்கு வரும்போது கொடுத்தனுப்பச் சொல்லுங்கள்.

ஃபிரேமை எல்லோர் முன்னாலும் கொடுங்கள், உறவுக்காரர்கள் பார்த்துச் சந்தோஷப்படட்டும். கடித உறைகளை மட்டும் மண்டபத்தில் கையில் எடுக்காதீர்கள். அன்றைய கூட்டத்தில் மொய்க் கவர்களோடு கலந்துவிடும். விருதுநகர் திரும்பி, வந்தவர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு கொடுத்தால் போதும்.