சாயங்காலம் ஆனால் ‘எங்க வீட்டுக்குப் போகணும்’ என்கிறார்

கேள்வி: என் மாமியாருக்கு 74 வயது. இரண்டு வருடமாக அல்சைமர். டாக்டர் சொன்னபடி டோனெபெசில் 5 மி.கி. கொடுத்து வந்தோம். மறதி அப்படியேதான் இருக்கிறது என்று மூன்று வாரத்துக்கு முன் என் கணவர் நிறுத்திவிட்டார். இப்போது பதினைந்து நாளாக, பொழுது சாய்ந்தால் ‘எங்க வீட்டுக்குப் போகணும்’ என்று கதவைத் தட்டுகிறார். என்னையே ‘யார் நீ’ என்கிறார். ராத்திரி தூக்கமே இல்லை. மருந்துக் கடையில் கேட்டு தூக்க மாத்திரை கொடுத்தோம், மறுநாள் தள்ளாடினார். வேறு நல்ல மாத்திரை இருக்கிறதா?
வாசகி, கும்பகோணம்

பதில்: மாத்திரைக்கு அப்புறம் வருகிறேன். இரண்டு வருடமாக மெல்ல மெல்ல வந்த மறதி, பதினைந்து நாளில் இப்படி மாறாது. அல்சைமர் அவ்வளவு வேகமாக நகர்கிற நோய் இல்லை. திடீரென்று மாறினால் உடம்பில் வேறு ஏதோ நடக்கிறது, அதை அவருக்குச் சொல்லத் தெரியவில்லை என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். வயதானவர்களுக்கு சிறுநீர்த் தொற்று வந்தால் காய்ச்சலோ எரிச்சலோ இல்லாமல் குழப்பம் மட்டுமே வரலாம். நாலு நாள் மலம் போகாமல் இருந்தாலும், பல்வலி இருந்தாலும், தண்ணீர் போதாமல் உடம்பு வறண்டாலும், சர்க்கரையோ ரத்தத்தில் சோடியமோ குறைந்தாலும் இப்படி ஆகும். சமீபத்தில் விழுந்தாரா, தலையில் அடிபட்டதா? சளிக்கோ அரிப்புக்கோ புது மாத்திரை ஏதாவது கொடுத்தீர்களா? இதைக் கேட்கக் காரணம் இருக்கிறது. டோனெபெசில் மூளையில் ஞாபகத்துக்கு உதவுகிற அசிடைல்கோலின் என்ற பொருள் சீக்கிரம் அழிந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறது, குளோர்பெனிரமின் போன்ற சளி மாத்திரைகள் அந்தப் பொருள் வேலை செய்ய விடாமல் தடுக்கின்றன. ஆகவே இந்த வாரமே டாக்டரிடம் காட்டி சிறுநீர், ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். விழுந்திருந்தால், அல்லது பகலிலும் அரைமயக்கமாகக் கிடந்தால், அன்றைக்கே போக வேண்டும்.

தூக்க மாத்திரையை ஓரிரு நாள்தான் கொடுத்தீர்கள் என்றால் இனி வேண்டாம். வாரக்கணக்கில் கொடுத்திருந்தால் டக்கென்று நிறுத்தாதீர்கள், டாக்டரைக் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள். தள்ளாடிக் கீழே விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து படுக்கையாகிவிட்டால் அப்புறம் எழுந்து நடப்பது மிகக் கஷ்டம், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

டோனெபெசிலை நிறுத்தியதும் ஒரு காரணமாக இருக்கலாம், நாள் கணக்கும் ஒத்துப்போகிறது. இந்த மருந்து போன ஞாபகத்தைத் திருப்பிக் கொண்டுவராது, இருப்பதைக் கொஞ்ச காலம் தாங்கிப் பிடிக்கும், அதுவும் எல்லோருக்கும் இல்லை. ‘அப்படியேதான் இருக்கிறது’ என்றாரே உங்கள் கணவர், அப்படியே இருந்ததுதான் ஒருவேளை மருந்தின் பலனாக இருந்திருக்கும். 5 மி.கி. ஆரம்ப அளவுதான், நாலு முதல் ஆறு வாரம் ஒத்துக்கொண்டால் 10 ஆக்குவார்கள். குமட்டல், வயிற்றுப்போக்கு, பசியின்மை வரலாம், நாடித்துடிப்பு குறையலாம், அதனால் மறுபடி தொடங்கும் முன் நாடியும் ஈ.சி.ஜி.யும் பார்ப்பது நல்லது. கெட்ட கனவு வந்தால் இரவுக்குப் பதில் காலையில் கொடுக்கலாமா என்று கேளுங்கள். நோய் நடுக்கட்டத்தை எட்டினால் மெமான்டின் என்ற இன்னொரு மருந்தைச் சேர்ப்பதும் உண்டு.

அடங்க வைக்கிற மாத்திரைகள், அதாவது ரிஸ்பெரிடோன், குவெட்டியாபின் வகை, இருக்கின்றன. ஆனால் டிமென்ஷியா, அதாவது அல்சைமர் போன்ற மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு இவை உயிரிழப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்தது. அடிப்பது, ரோட்டுக்கு ஓடுவது என்று ஆபத்தான நிலையில் மட்டும், குறைந்த அளவில், குறைந்த நாளைக்குத்தான். ஆரம்பிக்கும்போதே எப்போது நிறுத்துவது என்றும் கேட்டுவிடுங்கள்.

சரி, சாயங்காலத்தை எப்படிச் சமாளிப்பது? ‘இதுதானே உங்க வீடு’ என்று வாதம் செய்யாதீர்கள், அவருக்குப் பயம்தான் கூடும். ‘போலாம் அத்தை, உங்க வீட்டுல கொல்லைப்பக்கம் என்ன மரம் இருந்துச்சு?’ என்று கேளுங்கள். பேச ஆரம்பித்தால் கை தானாகக் கதவை விட்டு இறங்கும். கீரை ஆய்வது, பூக்கட்டுவது என்று கை பழகிய வேலை எதையாவது அந்த நேரத்துக்கென்றே எடுத்து வையுங்கள். இருட்டும் முன்பே எல்லா விளக்கையும் போடுங்கள், நிழலைப் பார்த்து ஆள் நிற்கிறது என்று பயப்படுகிறவர்கள் நிறைய. மதியத் தூக்கம் அரை மணி போதும். மூன்று மணிக்கு மேல் காபி வேண்டாம். வெளியே போய்விட்டால் கண்டுபிடிக்க, உங்கள் போன் நம்பரை அவர் வளையலிலோ செயின் டாலரிலோ பொறித்துப் போடுங்கள்.

‘யார் நீ’ என்று கேட்டது உங்களைச் சுட்டிருக்கும். அது அவருடைய நோய் கேட்கிற கேள்வி அம்மா, உங்கள் பணிவிடையில் குறை இல்லை. வாரத்தில் மூன்று ராத்திரியாவது உங்கள் கணவர் முழித்திருக்கட்டும், அவர் அம்மாதானே. முதியோருக்கான உதவி எண் 14567 இருக்கிறது, மனம் தளர்ந்தால் உங்களுக்காக 14416-ஐ அழைக்கலாம், இரண்டுக்கும் காசு இல்லை.

டாக்டரிடம் போகும்போது ஒரு வாரக் குறிப்பு கொண்டுபோங்கள், எத்தனை மணிக்குத் தொடங்கியது, அதற்கு முன் என்ன சாப்பிட்டார், மலம் போனதா என்பதெல்லாம். அதற்காக ஒரு வாரம் காத்திருக்க வேண்டாம், இரண்டு நாள் எழுதியது இருந்தாலும் போதும். வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள், லேகியம் ஏதாவது கொடுத்தால் அந்த டப்பாவையும் சேர்த்து.