எதிரே இன்னொரு மாவுக் கடை

கேள்வி: எங்கள் தெருமுனையில் ஆறு வருடமாக இட்லி மாவு அரைத்து விற்கிறேன். கிலோ 50 ரூபாய். செலவு போகக் கிலோவுக்கு 12 ரூபாய் நிற்கும். தினமும் 60 கிலோ போய்க்கொண்டிருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் எதிர் வரிசையில் ஓர் அம்மா மாவுக் கடை போட்டார். அவர் 45 ரூபாய்க்குக் கொடுக்கிறார். இப்போது எனக்கு 42 கிலோதான் போகிறது. நானும் 45-க்கு இறக்கிவிடட்டுமா? இல்லை, கடையை வேறு தெருவுக்கு மாற்றிவிடட்டுமா? அந்த அம்மா என்னைப் பார்த்தால் சிரிக்கிறார். எனக்கு முகம் கொடுக்கவே மனம் வரவில்லை.
– பெயர் வேண்டாம், மதுரை

பதில்: அன்புச் சகோதரி, ஆறு வருடம் விடியற்காலையில் எழுந்து வளர்த்த கடைக்கு முன்னால் இன்னொருவர் பலகை மாட்டினால் வயிறு எரியத்தான் செய்யும். அதற்காக உங்களைக் குறைத்து நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் விலையை இறக்காதீர்கள், கடையையும் மாற்றாதீர்கள்.

நீங்கள் எழுதிய கணக்கையே எடுத்துக்கொள்வோம். 60 கிலோ போனபோது உங்கள் கையில் நின்றது 720 ரூபாய். இப்போது 42 கிலோவுக்கு 504 ரூபாய். நாளைக்கு விலையை 45 ஆக்கினால் கிலோவுக்கு 7 ரூபாய்தான் நிற்கும். போன வாடிக்கையாளர்கள் ஒருவர் விடாமல் திரும்பி வந்து மறுபடி 60 கிலோ விற்றாலும் கையில் வருவது 420 ரூபாய். அதாவது, எல்லாரும் திரும்பி வந்தாலும் இன்றைக்குச் சம்பாதிப்பதைவிடக் குறைவு. பழைய 720-ஐத் தொட வேண்டுமென்றால் 103 கிலோ விற்க வேண்டும். அவ்வளவு அரைக்க உங்கள் கிரைண்டரும் தாங்காது, உங்கள் இடுப்பும் தாங்காது. அந்த அம்மா பதிலுக்கு 42 ரூபாய் என்று இறங்கினால் இரண்டு பேருமே கூலிகூட இல்லாமல் அரைக்க வேண்டியதுதான்.

சரி, அந்த 18 கிலோ ஏன் போனது? 5 ரூபாய்க்காகத்தான் என்று நீங்களாகவே முடிவு செய்துவிட்டீர்கள். எனக்கு அதில் சந்தேகம் இருக்கிறது.

நான் ஒரு தாலுகா அலுவலகத்துக்குப் பக்கத்தில் பதினாறு வருடம் ஜெராக்ஸ் கடை நடத்தினேன். நாலாவது வருடம் ஒரு பையன் பக்கத்திலேயே கடை போட்டான். எனக்கும் அவனுக்கும் விலை ஒன்றுதான், மெஷினும் ஒன்றுதான். ஆனாலும் கூட்டம் அங்கே போயிற்று. ஒரு மாதம் பொறுமிக்கொண்டிருந்துவிட்டு, ஒருநாள் என் பழைய வாடிக்கையாளர் ஒரு பெரியவரை நிறுத்திக் கேட்டேன். “எந்த மனுவுக்கு எத்தனை நகல் வைக்கணும், எதுல கையெழுத்து வாங்கணும்னு அந்தப் பையன் சொல்லிடுறான் தம்பி. உங்ககிட்ட எடுத்துட்டுப் போனா, ஆபீஸ்ல திருப்பி அனுப்புறாங்க. மறுபடி வரணும்” என்றார். எனக்குச் சுருக்கென்றது. நாலு வருடமாக அந்த மனிதர் வெயிலில் இரண்டு தடவை நடந்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேறு கடை இல்லாததால் பொறுத்துக்கொண்டு வந்திருக்கிறார். அந்தப் பையன் வந்திராவிட்டால் எனக்கு அது கடைசிவரை தெரிந்திருக்காது.

போட்டிக்கடை செய்யும் பெரிய உபகாரம் இதுதான் என்று நான் மனதார நம்புகிறேன். நாம் ஒருவரே இருக்கும்போது ஜனங்கள் குறை சொல்வதில்லை, சகித்துக்கொள்கிறார்கள். அந்த வருடமே எந்த மனுவுக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டு அட்டையில் எழுதி மாட்டினேன். என் கல்லா பழைய நிலைக்கு வர எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதமும் சிரமம்தான், அதை மறைக்க மாட்டேன்.

நீங்களும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். வராமல் நின்றுபோனவர்களை வழியில் பார்த்தால் கோபம் இல்லாமல் கேளுங்கள். “அங்கே போறீங்களாமே” என்று ஆரம்பித்தால் கூசிப்போய்ப் பொய்தான் சொல்வார்கள். “நம்ம மாவுல என்ன குறை அக்கா, சொன்னா சரிபண்ணிக்குவேன்” என்று கேட்டுப் பாருங்கள். சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். இருபது பேரைக் கேட்டால் போதும், நாலைந்து காரணம்தான் திரும்பத் திரும்ப வரும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு டிபன் கட்டுபவர் காலை ஐந்தரைக்கு வந்து உங்கள் கடை பூட்டியிருப்பதைப் பார்த்திருக்கலாம். தனியாக இருக்கும் வயதானவருக்கு ஒரு கிலோ பாக்கெட் அதிகமாக இருந்திருக்கலாம். கால் கிலோ போட்டால் அவர் தினமும் வருவார்.

மாவில் நான் முதலில் சந்தேகப்படுவது புளிப்பை. சித்திரை வெயிலில் சாயங்காலம் அரைத்த மாவு விடிவதற்குள் பாக்கெட்டை உப்ப வைத்துவிடும். கிரைண்டர் கல் சூடேறினால் உளுந்தும் சூடாகி, இட்லி கல் மாதிரி வரும். உளுந்துக்கு ஐஸ் தண்ணீர் தெளித்து அரைக்கிறீர்களா? வெயில் காலத்தில் இரண்டு தடவையாகப் பிரித்து அரைக்க முடியுமா? இன்னொன்று: இட்லிக்கு வாங்குபவருக்கு அன்றைய மாவு வேண்டும், முறுகல் தோசைக்காரர் கொஞ்சம் புளித்ததைத்தான் தேடுவார். மிஞ்சிய மாவைப் புது மாவோடு கலந்துவிடாமல், ‘இன்று அரைத்தது’, ‘தோசைக்கு, நேற்று அரைத்தது’ என்று தனித்தனியாக எழுதி வையுங்கள். நேற்றையதை 40 ரூபாய்க்குக்கூடக் கொடுக்கலாம். இது போட்டிக்காக விலையை இறக்குவது ஆகாது, வேறு சரக்கு, வேறு விலை. உள்ளதை உள்ளபடி எழுதும் கடையை ஜனங்கள் சீக்கிரம் விட மாட்டார்கள்.

கடையை மாற்றுவது பற்றி. மாற்றினால் இன்னும் உங்களை நம்பி வரும் 42 கிலோவும் போய்விடும். உங்கள் ஊரிலேயே பாருங்கள். தெற்காவணி மூல வீதியில் நகைக்கடைகள் ஒட்டி ஒட்டி இருக்கின்றன, விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடைகள் அப்படியே. ஒன்றில் பிடிக்காவிட்டால் அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம் என்ற தைரியத்தில்தான் ஜனங்கள் பஸ் ஏறி வருகிறார்கள். மாவு வாங்க யாரும் பஸ் ஏற மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் உங்கள் தெருவிலேயே வீட்டில் அரைப்பவர்கள் இருக்கிறார்கள், டிபார்ட்மென்ட் ஸ்டோர் ஃபிரிட்ஜிலிருந்து பாக்கெட் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு கடையில் தீர்ந்தாலும் எதிரே கிடைக்கும் என்று தெரிந்தால் அவர்களும் மெல்ல இந்தப் பக்கம் திரும்புவார்கள். உங்களுக்கு அந்த அம்மா மட்டும்தான் போட்டி என்று நினைக்காதீர்கள். வீட்டு கிரைண்டரும் போட்டிதான்.

கோவில்பட்டியை நினைத்துப் பாருங்கள். கரிசல் நிலக்கடலையும் வெல்லப்பாகும்தான் சரக்கு. ஒருவருக்கொருவர் போட்டியாக எத்தனையோ பேர் கடலை மிட்டாய் போடுகிறார்கள். பக்கத்துக் கடையைவிட நன்றாக இருக்க வேண்டும் என்று ஆளாளுக்குப் பார்த்துப் பார்த்துச் செய்ததில் ஊருக்கே பெயர் வந்தது. 2020-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அதை வாங்கியது ஏதோ ஒரு தனிக்கடை இல்லை, உற்பத்தியாளர்கள் சேர்ந்து வைத்திருக்கும் சங்கம்.

எல்லாத் தெருவும் இரண்டு கடையைத் தாங்கும் என்று நான் சொல்ல மாட்டேன். நோட்டில் எழுதியதைச் சரிசெய்து, ஆறு மாதம் கணக்கை அன்றன்றைக்குக் குறித்து வாருங்கள். அதற்குப் பிறகும் 42 ஏறவில்லை என்றால் அடை மாவு, கம்பு மாவு என்று அந்த அம்மா கை வைக்காத சரக்கை யோசிக்கலாம். அதுவரை வட்டிக்குக் கடன் வாங்கிப் புதுக் கிரைண்டர் எதுவும் எடுக்காதீர்கள். இதில் மட்டும் பிடிவாதமாக இருங்கள்.

அப்புறம், அந்த அம்மாவின் சிரிப்பு. அவரும் ராத்திரி உளுந்து ஊறப்போட்டுவிட்டு நாளைக்கு மாவு போகுமா என்று கவலைப்பட்டுக்கொண்டு படுப்பவர்தான். என் மெஷின் ஒருநாள் பழுதாகி நின்றபோது, வந்த ஆட்களைப் பக்கத்துக் கடைப் பையனிடம் நானே அனுப்பினேன். அவன் மெஷின் நின்ற அன்று அவன் எனக்கு அனுப்பினான். உங்கள் தெருவில் கரண்ட் போகும், கிரைண்டர் பெல்ட் அறும், கல்லாவில் சில்லறை தீரும். நாளைக்குக் காலையில் கடை திறந்ததும் நூறு ரூபாய்த் தாளை எடுத்துக்கொண்டு எதிரே போய், “அக்கா, சில்லறை இருக்கா?” என்று கேளுங்கள்.