முதல் வாரத்திலேயே சொல்லிவிடலாமா?

தம்பி, மான்செஸ்டரில் தணிக்கை நிறுவனம் ஒன்றில் அடுத்த மாதம் சேரப் போகிறீர்கள். டிஸ்லெக்சியா (எழுத்தைப் படிப்பதிலும் எழுதுவதிலும் வரும் சிரமம்), ஏ.டி.எச்.டி. (கவனத்தை ஒருமுகப்படுத்த முடியாத நிலை) இரண்டும் உண்டு என்று சென்னையில் வாங்கிய அறிக்கை கையில் இருக்கிறது. அலுவலகத்தில் சொல்லலாமா, சொன்னால் வேலை போய்விடுமா, எந்த மென்பொருள் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மென்பொருள் பற்றிப் பிறகு சொல்கிறேன். உடனே காசு கொடுத்து எதையும் வாங்கிவிடாதீர்கள்.

எனக்கும் இதே தொல்லைதான். நான் இங்கே பிரிட்டனுக்கு வந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. கொள்முதல் பிரிவில் வேலை. நாள் முழுக்க ஒப்பந்தங்கள் படிக்க வேண்டும். முதல் ஐந்து ஆண்டுகள் பெரும்பாலும் வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் கிளம்பிய பிறகு ஒப்பந்தத்தை அச்செடுத்து, வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்து நகர்த்தி நகர்த்திப் படிப்பேன். ஒருமுறை அப்போதைய மேலாளரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். “இரண்டாம் மொழிதானே, போகப் போகச் சரியாகிவிடும்” என்றார். நம்மவர்களுக்கு இது ஒரு தனித் தொல்லை. பிழை வந்தால் அவர்கள் மொழியைக் காரணம் காட்டுவார்கள். நாமும் அதன் பின்னால் வசதியாக ஒளிந்துகொள்வோம். தமிழை ஏறக்குறைய எழுதியபடியே படித்துவிடலாம். ஆங்கிலத்தில் த்ரூ, தோ, டஃப் மூன்றுக்கும் ஒரே எழுத்துக் கூட்டம். ஊரில் ஓரளவு சமாளித்தவர்கள்கூட இங்கே வந்து தடுமாறுவதில் வியப்பில்லை.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் நோயின் பெயரைவிட அதன் விளைவைத்தான் பார்க்கிறது. அன்றாடச் செயல்களைக் கணிசமாகப் பாதித்து, 12 மாதமாவது நீடிப்பதாக இருந்தால் அது சட்டத்தின் பார்வையில் மாற்றுத்திறன். அப்போது ‘நியாயமான மாற்றங்கள்’ செய்துதர வேண்டியது நிறுவனத்தின் கடமை. அதற்கான செலவை உங்கள் தலையில் கட்ட முடியாது. வேலை உறுதியாகும் முன்பு உடல்நலம் பற்றிக் கேட்கவே, சில விதிவிலக்குகள் தவிர, அவர்களுக்கு அனுமதி இல்லை. உங்களுக்கு வேலை உறுதியாகிவிட்டது. ஆகவே சொல்லுங்கள், எழுத்தில் சொல்லுங்கள்.

ஆனால் எப்படிச் சொல்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘எனக்கு டிஸ்லெக்சியா’ என்று மட்டும் எழுதினால் ஹெச்.ஆர். துறையினர் அனுதாபமாக ஒரு பதில் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். எந்த வேலையில், எந்த இடத்தில் இடறுகிறது என்று எழுதுங்கள். ‘கூட்டத்தில் வாய்மொழியாகச் சொல்லப்படும் நான்கு வேலைகளில் இரண்டை நழுவவிடுகிறேன், அன்றே மின்னஞ்சலில் வேண்டும்.’ ‘30 பக்க அறிக்கையைக் கூட்டத்தில் கையில் தந்தால் படிக்க முடியாது, முந்தைய நாளே வேண்டும்.’ இப்படி எழுதினால் அவர்களுக்கும் என்ன செய்வது என்று தெரியும். ஐந்து ஆண்டுகள் கழித்து வேறு நிறுவனத்தில் நான் எழுதியது இரண்டே பத்திதான். அந்த வாரமே மேசையைக் கதவருகிலிருந்து சுவரோரத்துக்கு மாற்றித் தந்தார்கள்.

அரசின் ‘ஆக்சஸ் டு வொர்க்’ உதவித்தொகைக்கு நிறுவனம் விண்ணப்பிக்காது. நீங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும். திருப்பித் தர வேண்டிய கடன் அல்ல. சட்டப்படி நிறுவனமே செய்ய வேண்டியதற்குத் தராது; அதற்கும் மேற்பட்ட கருவி, பயிற்சி போன்றவற்றுக்குத் தரும். சேர்ந்த முதல் ஆறு வாரங்களுக்குள் விண்ணப்பித்தால் அந்தச் செலவில் நிறுவனம் போட வேண்டிய பங்கு குறையக்கூடும். மேலாளரிடம் பேசும்போது இந்த ஒரு வரி நன்றாக எடுபடும். முடிவு வர மாதக்கணக்கில் ஆகும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அதில் கிடைத்தவற்றில் உருப்படியானது மென்பொருள் அல்ல, பயிற்சியாளரோடு சில மணி நேரம். காலையில் எந்த வேலையை முதலில் எடுப்பது என்று தெரியாமல் உறைந்து உட்காரும் பழக்கத்தை அவர்தான் உடைத்தார்.

இனி மென்பொருள். அலுவலகக் கணினியில் வேர்ட் இருக்குமே, முதலில் அதைத் திறந்து பாருங்கள். அதிலுள்ள ‘இமர்சிவ் ரீடர்’ பக்கத்தை இருட்டாக்கி ஒன்று, மூன்று அல்லது ஐந்து வரிகளை மட்டும் காட்டும். என் ஸ்கேல் ஓய்வு பெற்றது அதனால்தான். ‘ரீட் அலவுட்’ எழுதியதை வாசித்துக் காட்டும். ஒரு விற்பனையாளருக்கு, விலை உயர்வை ‘ஏற்க இயலாது’ என்று எழுதியதாக நினைத்து ‘ஏற்க இயலும்’ என்று எழுதியிருந்தேன். மூன்று முறை படித்தும் அந்த ஆங்கில வரியில் ‘நாட்’ என்ற சொல் இருப்பதாகவே கண்ணுக்குத் தெரிந்தது. இயர்போனில் கேட்டபோதுதான் அது இல்லை என்று தெரிந்தது. அனுப்பு பொத்தானிலிருந்து விரலை எடுத்தேன்.

பேசி எழுதும் ‘டிக்டேட்’ வசதியில் மொழியை ‘இங்கிலிஷ், இந்தியா’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் வைத்திருந்தபோது செந்தில் என்றால் ‘செண்ட் ஹில்’ என்று எழுதிக்கொண்டிருந்தது. இவை போதாவிட்டால்தான் ‘ரீட் அண்ட் ரைட்’ (படிக்க, எழுத உதவுவது), ‘டிராகன்’ (பேச்சை எழுத்தாக்குவது) போன்ற தனி மென்பொருள்களைக் கேளுங்கள். கூட்டக் குறிப்பெடுக்கும் செயலி எதையும் நீங்களாக நிறுவாதீர்கள். தணிக்கை நிறுவனத்தில் வாடிக்கையாளர் தகவல் வெளியே போனால் டிஸ்லெக்சியா உங்களைக் காப்பாற்றாது. பக்கத்தின் மேல் வைத்துப் படிக்கும் வண்ணக் கண்ணாடித்தாளுக்கும் டிஸ்லெக்சியாவுக்கென்றே செய்த எழுத்துருவுக்கும் ஆய்வாதாரம் பலவீனம். கண்ணுக்கு இதமாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவே.

ஏ.டி.எச்.டி. மருந்து எடுப்பவராக இருந்தால் வந்த கையோடு ஜி.பி.யிடம் (உள்ளூர்ப் பொது மருத்துவர்) பதிந்துவிடுங்கள். அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். மதிப்பீட்டுக்குக் காத்திருப்பு பல இடங்களில் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. சென்னை அறிக்கையைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் பரிந்துரைகள் உள்ள பக்கத்தைக் கடிதத்தோடு இணையுங்கள். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். எழுதி முடித்ததும் அனுப்பும் முன் கணினியை வாசிக்கச் சொல்லி ஒருமுறை காதால் கேளுங்கள்.